வாய் கொப்பளித்த யார்டு

வாளியை அமீர் பாஷா சாய்த்துப் பிடித்துக்கொண்டார். ஆரோக்கியசாமி ஒவ்வொரு புட்டியாகத் திறந்து அதில் ஊற்றினார். கறுப்பு மூடி, நீல மூடி, வெள்ளை மூடி. உள்ளே எல்லாவற்றிலும் ஒரே இளஞ்சிவப்புத் தண்ணீர். ஊற்றி முடித்ததும் பட்டைச் சாறு கலக்கும் நீளக் கழியை எடுக்கப் போனார். அது அழுக்கு என்று தோன்றியது. டீக்கடையிலிருந்து ஒரு அகப்பை வாங்கிவரச் சொல்லி, அதன் காம்பால் கலக்கினார். தண்ணீர் லேசாகக் கலங்கி வெளுத்தது.

"கலங்குது பாரு சாமி," என்றார் அமீர் பாஷா.

"நல்ல சாறுன்னா கலங்கத்தான் செய்யும்."

சுற்றி நின்ற ஆட்களில் வேலாயுதம் மட்டும் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"இப்பதான் நியாயம். கசப்பும் ஜாஸ்தி இல்ல, உப்பும் ஜாஸ்தி இல்ல."

மறுபடியும் புனல் வைத்துப் புட்டிகளை நிரப்பினார்கள். எந்தப் புட்டிக்கு எந்த மூடியோ அதையே பார்த்து மூடினார் ஆரோக்கியசாமி. டாக்டரம்மா வைத்த மூடி மாறக் கூடாது. அதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

ஆம்பூருக்கு வெளியே பாலாற்றுப் பக்கம் இருந்த ஒரு தோல் தொழிற்சாலையில், தோலைப் பதப்படுத்த மரப்பட்டைச் சாற்றில் ஊறப்போடும் பட்டை யார்டு அது. வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு, ஆடி மாதம். ஆரோக்கியசாமி அங்கே மேஸ்திரி, அமீர் பாஷா அவருடைய பழைய கூட்டாளி. டாக்டரம்மா என்பது சந்திரா. குடியாத்தத்தில் லுங்கித் தறி போட்டிருந்த வீட்டுப் பெண். மெட்ராஸில் பல் மருத்துவத்தில் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். வாய் கொப்பளிக்கும் மருந்துகளில் எது பல்லில் ஊத்தை படியாமல் அதிகம் தடுக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவருடைய ஆய்வு. அதற்கு ஒரே இடத்தில் வேலை செய்து, ஒரே டீயைக் குடித்து, ஒரே மாதிரி சாப்பிடும் ஆட்கள் வேண்டும். முப்பது பேர். பத்துப் பத்துப் பேராக மூன்று குழு. குழுவுக்கு ஒரு மூடி நிறம். எல்லோருக்கும் முதலில் பல்லைச் சுத்தம் செய்து, ஒரே பிரஷ், ஒரே பற்பொடி கொடுத்துவிட்டார். அதன்பின் மூன்று வாரம், வேலைக்கு இறங்குமுன் ஒரு தடவை, முடித்துப் போகும்போது ஒரு தடவை, அவரவர் புட்டியிலிருந்து கொப்பளிக்க வேண்டும்.

முதலாளி இஷ்தியாக் அகமது சம்மதித்தார். மேஸ்திரியைக் கூப்பிட்டு, "சாமி, உன் யார்டு. நம்ம பேரு கெடாம பாத்துக்கோ," என்றார்.

"என் யார்டுல இதுவரைக்கும் எது கெட்டுச்சு மொதலாளி?" என்றார் ஆரோக்கியசாமி.

அது வெறும் பேச்சு இல்லை. திமிரிக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவர். அப்பா அடுத்தவர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கினார். மீசை முளைக்கும் வயசில் ராணிப்பேட்டைக்குப் போய் ஈரத் தோலைத் தோளில் சுமந்தார். அங்கே ஒரு மேஸ்திரி எல்லோர் முன்னாலும் அவரைப் பார்த்து, இவன் கைக்குத் தோல் படியாது என்றார். மறுநாளே ஆம்பூருக்கு வந்துவிட்டார். சுண்ணாம்புக் குழியில் சில வருஷம் கால் வெந்தது. பிறகு பட்டைக் குழிக்கு வந்தார். அங்கே தோல் கைக்குப் படிந்தது.

பட்டைக் குழியில் எல்லாக் குழிச் சாறும் ஒன்றுபோல் இராது. ஒன்று கெட்டியாக இருக்கும், ஒன்று நீர்த்திருக்கும். அப்படியே விட்டால் ஒரே வண்டியில் வந்த தோலில் பாதி கறுத்தும் பாதி வெளுத்தும் போகும். ஆரோக்கியசாமி சாற்றை ஒரு குழியிலிருந்து இன்னொன்றுக்கு இறைத்து, கலந்து, சமப்படுத்துவார். கையை விட்டு, முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்ப்பார். அவர் யார்டுத் தோலைக் கட்டுக் கட்டாகப் பிரித்துப் பார்த்த மெட்ராஸ் ஏஜெண்ட் ஒருவர், எல்லாம் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன என்று சொன்னார். அதை ஆரோக்கியசாமி வீட்டில் பலமுறை சொன்னார்.

"தோலு பூரா ஒரே கலரு," என்பாள் அவர் மனைவி சௌந்தரம். "நீ பெத்ததுதான் ஒண்ணு கறுப்பு, ஒண்ணு செவப்பு."

தோலுக்குச் செய்ததை அவர் ஆட்களுக்கும் செய்தார். ரம்ஜானுக்கு முதலாளி வீட்டிலிருந்து பிரியாணி வந்தால் கறித்துண்டை எண்ணித்தான் போடுவார். சுண்ணாம்புக் குழியில் இந்த வாரம் இறங்கியவனை அடுத்த வாரம் இறக்க மாட்டார். மேஸ்திரியிடம் போனால் கம்மியும் இல்லை, ஜாஸ்தியும் இல்லை என்று ஆட்கள் சொல்வார்கள். அதைவிடப் பெரிய பெயர் எதையும் அவர் எதிர்பார்க்கவில்லை.

அதனால்தான் கொப்பளிக்கத் தொடங்கிய மறுநாளே அந்தப் பிரச்சினை அவரிடம் வந்தது. புட்டிகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் வாயில் ஒன்றுபோல் இல்லை.

"எனக்கு மட்டும் வேப்பங்காயி. அவனுக்கு சோம்புத் தண்ணியா?" என்றான் வேலாயுதம். அவன் கறுப்பு மூடி.

"மருந்துன்னா கசக்கத்தான் செய்யும். உனக்குத்தான் அசலு. எங்களுக்கு ஏமாத்து," என்றான் ஒரு வெள்ளை மூடிக்காரன்.

"அப்ப மாத்திக்க வா."

மாற்றக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கலக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அப்படி ஒரு யோசனை யாருக்கும் வரும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. ஆரோக்கியசாமி வாளியைக் கழுவச் சொன்னார். வாரம் ஒரு முறை சந்திரா புதுப் புட்டிகள் கொடுத்துவிட்டுப் போவார். அவர் போனதும் வாளி வரும்.

மூன்று வாரம் முடிந்த அன்று சந்திரா ஒரு சிவப்புச் சாயம் கொண்டுவந்தார். பல்லில் தடவிக் கொப்பளித்தால் ஊத்தை இருக்கும் இடம் மட்டும் சிவந்து நிற்கும். பட்டை மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு, ஒவ்வொருவராக உட்கார வைத்து, சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்து மார்க் போட்டார். பார்த்து முடித்தவர்கள் வெளியே போய் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் சந்திரா மார்க் போட்ட தாளைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். முதலில் பார்த்த சிலரைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு மேஸ்திரியைத் தனியாக அழைத்தார்.

"ஒரு சந்தேகம் மேஸ்திரி."

"கேளுங்கம்மா."

"மூணு குரூப்பும் ஒரே மாதிரி இருக்கு. வித்தியாசமே வரல."

ஆரோக்கியசாமியின் முகம் விரிந்தது. "எப்படி வரும்? நான் இருக்கறப்ப வித்தியாசம் வருமா?"

"நீங்க இருந்தா?"

அவர் சொன்னார். வாளியை எப்படிக் கழுவினார்கள், பட்டைக் கழியை ஏன் எடுக்கவில்லை, எவ்வளவு நேரம் கலக்கினால் சமமாகும், எல்லாவற்றையும் சொன்னார். எந்த மூடியும் மாறவில்லை என்பதை இரண்டு தடவை சொன்னார்.

சந்திரா ஒரு பட்டை மூட்டையின் மேல் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"நான் அந்த வித்தியாசத்தைத் தேடித்தான் வந்தேன் மேஸ்திரி."

அவருக்குப் புரியவில்லை. அது சந்திராவுக்குத் தெரிந்தது. கோபப்படாமல் சொன்னார். "ஒண்ணுல மருந்து. ஒண்ணுல வேற. ஒண்ணுல வெறும் தண்ணி. எதுல என்னன்னு எனக்கே சொல்லமாட்டாங்க, எங்க புரொபசருக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சா நான் பாக்கறதுல சாய்வு வந்துடும். எந்த மூடிக்காரங்க பல்லு சுத்தமா இருக்குன்னு பாத்து, அப்புறமாதான் அது எந்த மருந்துன்னு கேக்கணும். எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்துட்டா நான் எதைப் பாக்கறது?"

ஆரோக்கியசாமி குழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த யார்டுக்கு முதன்முதலாக வாட்டில் என்ற புது மரத்தின் பட்டை வந்தபோது நடந்தது நினைவுக்கு வந்தது. ஆவாரம் பட்டையை விட அது நல்லதா என்று பார்க்க, அப்போதிருந்த பெரிய முதலாளி ஓரமாக இருந்த ஒரு குழியை ஒதுக்கச் சொன்னார். அதே தோல், அதே நாள், தனிச் சாறு. அந்தக் குழிக்குக் காவலாக நின்றவர் ஆரோக்கியசாமிதான். ஆவாரஞ்சாற்றில் முக்கி எடுத்த வாளியை ஒருவன் அதில் விடப் போனபோது அவன் பிடரியில் அடித்தார்.

"குழியைக் கலந்துட்டேன்," என்றார்.

"என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. வெளங்கிச்சு."

சந்திரா எழுந்தார். "உங்க மேல தப்பில்ல. நான் காரணத்தைச் சொல்லியிருக்கணும். ராணிப்பேட்டைல ஒரு கம்பெனில கேட்டு வச்சிருக்கேன். அங்க பாத்துக்கறேன். எனக்கு டைம் கம்மி, இந்த வருஷமே முடிக்கணும்."

ராணிப்பேட்டை என்று கேட்டதும் ஆரோக்கியசாமி தலைப்பாகைத் துணியை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். ஆம்பூரை விட்டு இங்கே ஏன் வந்தீர்கள் என்று அங்கிருக்கிற மேஸ்திரிகள் டாக்டரம்மாவைக் கேட்பார்கள். டாக்டரம்மா சொல்லாவிட்டாலும் யாராவது சொல்வார்கள். ஆம்பூரில் ஒரு மேஸ்திரி கெடுத்துவிட்டான். அவன் பெயர் ஆரோக்கியசாமி.

"இங்கயே இன்னொரு தரம் வைங்கம்மா."

"உங்க ஆளுங்க ஒத்துக்கணுமே."

"ஒத்துக்குவாங்க."

"மிரட்டிச் சேக்கக் கூடாது. நடுவுல வேணாம்னா யாரும் விட்டுடலாம், அது அவங்க இஷ்டம். ஆனா நெறைய பேரு விட்டுட்டா என் வேலை வீணாப் போயிடும்."

"விட மாட்டாங்க."

"மேஸ்திரி, மிரட்டக் கூடாது."

"மிரட்டல. கேக்கறேன்."

சாயங்கால டீக்கு எல்லோரும் ஷெட்டில் கூடியபோது ஆரோக்கியசாமி நின்றபடியே பேசினார். "நான் கலந்தது தப்பு," என்று ஆரம்பித்தார். டீ உறிஞ்சும் சத்தம் நின்றது. அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை யாரும் கேட்டதில்லை. வாட்டில் குழிக் கதையைச் சொன்னார். மறுபடியும் மூன்று வாரம், இந்தத் தடவை கலக்காமல், என்றார்.

"அப்ப எவனோ ஒருத்தனுக்கு வெறுந்தண்ணி," என்றான் வேலாயுதம்.

"ஒருத்தனுக்கு இல்ல. பத்து பேருக்கு."

"அது நியாயமா மேஸ்திரி? நீங்களே சொல்லுங்க."

"நியாயம் இல்ல," என்றார் ஆரோக்கியசாமி. "ஆனா அப்படிப் பாத்தாத்தான் தெரியும். வேணாங்கறவன் வேணாம்னு சொல்லலாம். நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். இன்னொண்ணு. போன தரம் இருந்த ஒருத்தன் திருப்பத்தூருக்கு வேலைக்குப் போய்ட்டான். அந்த எடத்துல நான் சேர்றேன்."

"வெறுந்தண்ணி வந்தா?"

"கொப்பளிப்பேன்."

யாரும் மறுக்கவில்லை. வேலாயுதம், "எனக்கு மட்டும் அந்தக் கசப்பு வேணாம்டா சாமி," என்று சாமி கும்பிட்டான். சில வாரம் கழித்து எல்லோர் பல்லையும் மறுபடி சுத்தம் செய்துவிட்டு, சந்திரா ஒரு கோணிப்பைக்குள் மூடிகளைப் போட்டு ஒவ்வொருவரையும் எடுக்கச் சொன்னார். வேலாயுதம் கையை விட்டுத் துழாவி எடுத்தான். கறுப்பு. ஷெட் முழுக்கச் சிரித்தது. ஆரோக்கியசாமி எடுத்தது வெள்ளை.

இரண்டாவது சுற்று முதல் சுற்று மாதிரி இல்லை. மூன்று பலகை அடித்து, மூன்று நிறப் புட்டிகளையும் தனித்தனியாக வைத்தார். பக்கத்தில் தானே நின்றார். காலையில் ஆட்கள் வாய்க்கால் ஓரம் வரிசையாக நின்று, கன்னத்தை உப்பிக்கொண்டு, மேஸ்திரி தலையசைக்கும் வரை துப்பாமல் இருப்பார்கள். நேரம் பார்ப்பது அமீர் பாஷா. அவருக்குப் பல்செட் என்பதால் டாக்டரம்மா சேர்த்துக்கொள்ளவில்லை.

"பல்லு இருக்கறவனுங்க எல்லாம் நில்லுங்க. இல்லாதவன் சொல்றப்ப துப்புங்க," என்பார்.

யாராவது சிரித்துத் துப்பிவிட்டால் மறுபடி ஊற்றிக் கொடுத்து, அதை சந்திராவிடம் சொல்லச் சொன்னார் ஆரோக்கியசாமி. தோல் கட்ட வந்த வெளியாட்கள் வாசலில் நின்று இதைப் பார்த்தார்கள். கொப்பளிக்கிற யார்டு என்று ஊரில் பேர் ஆயிற்று. அதைக் கேலியாகச் சொன்னவர்களிடமும் அவர், "ஆமா, எங்க யார்டுதான்," என்றார்.

இரண்டாவது வாரத்தில் கறுப்பு மூடிக்காரர்களின் பல் பழுப்பாகத் தொடங்கியது.

முதலில் பல்லிடுக்கில் ஒரு கோடு. பிறகு முன்பல் முழுக்க ஒரு மங்கல். தோல் வேலைக்காரர்களுக்கு அந்த நிறம் தெரியும். பட்டைச் சாற்றில் மூன்றாம் நாள் தோலுக்கு வரும் நிறம்.

"பல்லு பதமாவுது. இன்னும் ஒரு வாரம் ஊறப்போட்டா செருப்புத் தைக்கலாம்," என்றார்கள் மற்றவர்கள்.

அந்தப் பத்துப் பேரும் சிரிக்கவில்லை. வேலாயுதத்துக்குத் திமிரியில் பெண் பார்த்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். அவன் கண்ணாடியில் பல்லைக் காட்டிப் பார்த்துவிட்டு வந்து, "எங்களுக்குத்தான் ஏதோ விஷம்," என்றான். மற்ற கறுப்பு மூடிக்காரர்களும் அவன் பின்னால் நின்றார்கள்.

அன்று பொழுது சாய்ந்து ஆட்கள் கலைந்த பிறகு அமீர் பாஷா பக்கத்தில் வந்தார். "இன்னாத்துக்கு சாமி இந்த பேஜாரு? பழையபடி வாளியைக் கொண்டாரேன். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பழுப்பு. ஒருத்தனும் பேச மாட்டான்."

"பாய்."

"தோஸ்துன்னு சொல்றேன்."

"தோஸ்துன்னா இன்னொரு தரம் சொல்லாதீங்க."

அந்த வாரம் வந்த சந்திரா எல்லோர் வாயையும் பார்த்தார். டீயும் மருந்தும் சேர்ந்து படிகிற கறைதான், பல்லுக்கு ஒன்றும் ஆகாது, முடிந்ததும் தானே தேய்த்து எடுத்துவிடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றால் இப்போதே நிறுத்திக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஒன்பது பேர் மேஸ்திரியைப் பார்த்தார்கள். அவர் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன சொல் அது, ஒரு வார்த்தை கேட்க மாட்டேன் என்று. ஒன்பது பேரும் இருக்கிறோம் என்றார்கள். வேலாயுதம் மட்டும், "ஞாயித்துக்கெழமையிலேர்ந்து நான் வுட்டுடறேம்மா," என்றான்.

"சரிப்பா," என்றார் சந்திரா.

அவர் போன பிறகு ஆரோக்கியசாமி கேட்டார். "திமிரிக்கு யாரு கூட வர்றாங்க?"

"மாமாவும் அக்காவும்."

"நானும் வர்றேன். எங்க பக்கம்தான் அது."

பெண்ணின் அப்பா ஜம்புலிங்கம் நான்கு ஏக்கர் கடலை போடுகிறவர். பாயில் உட்கார்ந்த வேலாயுதம் உதட்டைத் திறக்காமல் இருந்தான். பெயரைக் கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். பெண்ணின் அம்மாவுக்குக் கண் கூர்மை.

"மாப்பிள்ளைக்கு பீடியா, பொகையிலயா?"

வேலாயுதத்தின் அக்கா பதறிப் போனாள். ஆரோக்கியசாமி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டும் இல்லம்மா. அது எங்க யார்டு வேலை. பல்லுக்கு எந்த மருந்து ஒசத்தின்னு டாக்டருங்க பாக்கறாங்க. அதுக்கு எங்க ஆளுங்க வாயைக் குடுத்திருக்காங்க. முடிஞ்சதும் கறைய எடுத்துடுவாங்க."

"அந்த மருந்து நல்ல மருந்தா?" என்றார் ஜம்புலிங்கம்.

"தெரியாதுங்க."

"தெரியாமயா இத்தினி நாளா வாயில ஊத்திக்கறீங்க?"

"தெரிஞ்சா எதுக்குங்க ஊத்திக்கணும்? தெரியறதுக்குத்தான்."

ஜம்புலிங்கம் மனைவியிடம், "தரகனுங்க எல்லாம் தெரியும் தெரியும்னு சொல்லித்தான் கேட்டிருக்கேன்," என்றார். உள்ளே பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. பல் வெளுத்த பிறகு ஒரு தடவை வந்து காட்டிவிட்டுப் போங்கள், மற்றபடி எங்களுக்குச் சம்மதம் என்றார்கள். தை மாதம் அந்தக் கல்யாணம் நடந்தது.

திரும்பும்போது ஆற்காட்டில் பஸ் மாற வேண்டியிருந்தது. ஸ்டாண்டில் நின்றுகொண்டு வேலாயுதம் கேட்டான். "மேஸ்திரி, உங்க புட்டியை எடுத்தாந்தீங்களா?"

"ஆமா. சாயங்கால வேளைக்கு வேணுமே."

"என்னுது?"

ஆரோக்கியசாமி மஞ்சள் பையிலிருந்து ஒரு துண்டைப் பிரித்தார். கறுப்பு மூடி, வெள்ளை மூடி, இரண்டும் இருந்தன. மாமாவும் அக்காவும் பார்த்துக்கொண்டிருக்க, இருவரும் ஆற்காடு பஸ் ஸ்டாண்டின் சாக்கடை ஓரம் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார்கள். அன்று காலை வேளை மட்டும் அவனுக்குத் தவறிப் போயிருந்தது. அதை அடுத்த தடவை சந்திராவிடம் அவனே சொன்னான்.

மூன்று வாரம் முடிந்து சிவப்புச் சாயம் வந்த அன்று, மார்க் போடாதவர்களுக்கும் வித்தியாசம் தெரிந்தது. கறுப்பு மூடிக்காரர்களின் பழுப்புப் பல்லில் சிவப்பு ஒட்டவே இல்லை, ஈறோரம் ஒரு கோடு தவிர. நீல மூடிக்காரர்களுக்கு ஆங்காங்கே சிவப்பு. வெள்ளை மூடிக்காரர்களின் பல் வெள்ளையாக இருந்தது. சாயம் தடவியதும் அதுதான் அதிகம் சிவந்தது. ஆரோக்கியசாமி எழுந்து வந்தபோது அமீர் பாஷா, "வெத்தலக்கடையே போட்டிருக்க சாமி," என்றார்.

சந்திரா அந்த மார்க்கைக் கொண்டுபோய் மெட்ராஸில் கொடுத்து, எந்த மூடி எது என்று கேட்டுக்கொண்டு அடுத்த வாரம் வந்தார். முதலாளியும் யார்டுக்கு வந்து நின்றார். முதலில் கறுப்பு மூடிக்காரர்களை வரிசையாக உட்கார வைத்துக் கறையைத் தேய்த்து எடுத்தார் சந்திரா. வேலாயுதம் கண்ணாடியை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சந்திரா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"கறுப்பு மூடி, குளோர்ஹெக்சிடின்னு ஒரு மருந்து. அதுதான் முதல். கறை படியுது, அது அதோட குறை. நீலம் உப்புத் தண்ணி. கொஞ்சம் தாங்குது, அவ்வளவு தாங்கல."

"வெள்ளை?" என்றான் வேலாயுதம். அவனுக்கு ஏற்கெனவே சிரிப்பு வந்துவிட்டது.

"வெள்ளை வெறும் தண்ணி. கலர் போட்டு, சோம்பு வாசனை சேத்தது."

எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள்.

"மூணு வாரம் பாலாத்துத் தண்ணிய பக்தியா கொப்பளிச்சிருக்காரு," என்றான் ஒருவன். முதலாளியும் சிரித்தார்.

ஆரோக்கியசாமி சிரிப்பு அடங்கும் வரை இருந்தார். பிறகு சந்திராவிடம் கேட்டார். "அந்த வெறுந்தண்ணி இல்லன்னா இன்னாம்மா ஆவும்?"

"இல்லன்னா ஒண்ணுமே சொல்ல முடியாது மேஸ்திரி. மருந்து எவ்வளவு வேலை செஞ்சுதுன்னு உங்க பத்துப் பேரு பல்லை வச்சுத்தான் அளக்கறோம். நீங்க ஒழுங்கா கொப்பளிக்காம விட்டிருந்தா மத்த இருபது பேரு செஞ்சதும் வீண்."

"கேட்டுக்கங்க," என்றார் ஆரோக்கியசாமி ஆட்களைப் பார்த்து.

சந்திரா முதலாளி பக்கம் திரும்பினார். "இந்த மாதிரி வேலைல பாதி பேரு நடுவுல நின்னுடுவாங்கன்னு எங்க புரொபசர் சொன்னார். உங்க யார்டுல முப்பது பேரும் கடைசி வரைக்கும் இருந்தாங்க. தவறினதைக்கூட அவங்களே வந்து சொன்னாங்க."

"யாரு யார்டு," என்றார் இஷ்தியாக் அகமது. மேஸ்திரியின் தோளில் கையை வைத்தார். அந்தத் தொழிற்சாலையில் அவர் யார் தோளிலும் கை வைத்து யாரும் பார்த்ததில்லை.

"புஸ்தகத்துல எங்க பேரு வருமாம்மா?" என்று ஒருவன் கேட்டான்.

"ஆளுங்க பேரு போடக் கூடாது. ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் தொழிலாளிகள்னு வரும்."

"ஆம்பூர்னு வருதில்ல?" என்றார் ஆரோக்கியசாமி.

"வரும்."

அவர் தலையசைத்தார். ராணிப்பேட்டைக்காரர்கள் அந்தப் புத்தகத்தைப் படிக்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். அது இருந்தால் போதும் என்றிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது சௌந்தரம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"முடிவு சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க. எங்க குரூப்புக்கு வெறுந்தண்ணி. நாங்கதான் கடைசி."

அவள் முறத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "கடைசியா வந்ததுக்கா இப்படி நெஞ்ச நிமித்திக்கிட்டு வர்ற?"

"ஆமா," என்றார் ஆரோக்கியசாமி. கால் கழுவப் போனார்.

மறுநாள் காலையில் மூன்றாவது குழியை இறைத்தார்கள். சக்கையான பட்டையை மாட்டுவண்டியில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். பதினொரு மணிக்கு ஆட்டுத்தோல் லாரி வந்தது. ஒரு கட்டில் உப்பு போதாமல் வாடை அடித்தது. டிரைவரோடு கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. மத்தியானம் மழை பிடித்தது. உலரப் போட்டிருந்த தோலை எல்லோருமாக ஷெட்டுக்குள் இழுத்துப் போட்டார்கள். இரண்டு தோல் நனைந்துவிட்டது. நான்கு மணிக்கு மழை விட்டது. டீ வந்தது, குடித்தார்கள். சங்கு ஊதியதும் ஆட்கள் கை கால் கழுவிக்கொண்டு போனார்கள். ஆரோக்கியசாமி ஷெட்டைப் பூட்டிச் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.